பொன்னுச்சாமி குறுக்கே வைத்த குச்சி

இங்க ஆளு வருதா அம்மிணி? வரலையா, அப்பச் சரி. சன்னலோரம் நீயே இருந்துக்க, எனக்கு எதுத்த காத்து ஒத்துக்காது. இந்தச் சம்படத்த மட்டும் நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல வெச்சுக்கறேன். மடியில வெச்சா சுடுது. காத்தால வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம், இன்னும் ஆறல.

மதுரைக்கா? நான் திண்டுக்கல்லோட எறங்கிக்குவேன். சிங்காநல்லூர்ல ஏறுனா பல்லடம், தாராபுரம், ஒட்டன்சத்திரம்னு எல்லா ஊரையும் பாத்துட்டுத்தான் போவான். அந்தப் புஸ்தகத்த மூடி வெச்சிரு கண்ணு, ஓடற பஸ்ஸுல படிச்சாக் கண்ணு கெட்டுப்போகும். கையில பேனா வேறயா? கோடு போட்டுப் போட்டுப் படிப்பயாக்கும். காலேஜுல பாடம் எடுக்கறயா! பாத்தாப் படிக்கற புள்ளயாட்டம் இருக்கற. மொதல்ல ஒரு கச்சாயம் எடு. அட எடு. காத்தால சாப்புட்டா என்ன, கச்சாயமெல்லாம் சாப்பாட்டுக் கணக்குல சேருமா?

எதுக்குத் திண்டுக்கல் போறீங்கன்னு கேக்க மாட்டயா? சரி, கேட்டதா வெச்சுக்கறேன். ஒரு விளையாட்டால வந்த வம்பு கண்ணு. வீடியோ கேமு. சிரி, சிரி. எனக்கே முந்தியெல்லாம் அது சின்னப் பசங்க டுப்பு டுப்புனு சுடற சமாச்சாரம்னுதான் நெனப்பு.

நான் பீளமேட்டுல லேடீஸ் ஹாஸ்டல் நடத்தறேன். என்ற வூட்டுக்காரர் போனதுக்கு அப்பறம் அவ்வளவு பெரிய வூட்டுல ஒத்தையில கெடக்க முடியல, மாடி ரூமுங்கள வேலைக்குப் போற புள்ளைங்களுக்கு விட்டுட்டேன். ஹாஸ்டல்னு போர்டுதான். புள்ளைங்க நம்ம வூட்டுப் புள்ளைங்க மாதிரி. அளவுச் சாப்பாடு, டோக்கனு, அந்தப் பேச்செல்லாம் நம்மகிட்டக் கெடையாது.

அதுல ஜெனிட்டான்னு ஒரு புள்ள. பல் ஆஸ்பத்திரியில வேல. திண்டுக்கல் பக்கம் சொந்த ஊரு. ஒரு வார்த்த அதிர்ந்து பேச மாட்டா. இன்னொருத்தி நஸ்ரின், உடுமலைப்பேட்டைக்காரி. கம்ப்யூட்டர் கம்பெனியில டெஸ்ட்டிங். டெஸ்ட்டிங்னா என்னடின்னு கேட்டேன். அடுத்தவங்க செஞ்சதுல குத்தம் கண்டுபிடிக்கறதாம். அதுக்குச் சம்பளமும் தர்றாங்களாம். எங்க மாமியா இன்னிக்கு இருந்திருந்தா மேனேஜரே ஆகியிருப்பாங்க.

இந்த நஸ்ரின்தான் டிவியில மாட்டற கேம் பொட்டி வாங்கிட்டு வந்தா. ஜெனிட்டாதான் அந்தக் கேமக் கண்டுபிடிச்சது. மலையடிவாரத்துல ஒரு சத்திரம். ஜப்பான்ல இருக்கற மாதிரி இழுக்கற கதவு, பாயி, வாசல்ல காயிதக்கூண்டு வெளக்கு. நாமதான் சத்திரத்துக்காரி. தங்கறக்கு ஆளுக வரும். ஆளுகன்னா மனுசங்க இல்ல. ஒத்தக்கால் கொட ஒண்ணு நொண்டிட்டே வரும். மழை பேஞ்சாப் பாடற தவக்கள ஒண்ணு வரும். அதுகளுக்குச் சோறு வெக்கோணும், தண்ணி காயவெக்கோணும், படுக்கை போடோணும். அம்புட்டுத்தான். சண்டையும் இல்ல, சுடறதும் இல்ல.

நான் ஒரு நாள் துணி மடிச்சுட்டே எட்டிப் பாத்தேன். எனக்குத் தாங்கல. ‘ஏம்புள்ள, ஈரக் கொடையப் போயிக் கூடத்துல படுக்க வெக்கற, பாயி நாறிப்போகாதா?’ன்னேன். ரெண்டு பேரும் அப்படியே திரும்பிப் பாத்தாளுக. ‘ஆன்ட்டி, இந்தாங்க, நீங்களே செய்ங்க’ன்னு ஜெனிட்டா அந்தப் பட்டன் வெச்ச கட்டையக் கையில குடுத்துட்டா. அன்னிக்குப் புடிச்சதுதான்.

அப்பறம் தெனமும் பொழுது சாஞ்சாப் பஞ்சாயத்து. நஸ்ரினுக்கு எல்லாமே குத்தம். நடக்கறது ஆமை நடையாம். தூணுக்குப் பின்னால போனா நம்மாளு தெரியறதில்லையாம். மழை விட்டா வாளி அந்தரத்துல தொங்கும், அது கேம் செஞ்சவங்க விட்ட தப்பாம். அவிய யாருன்னு நெனைக்கற, ரெண்டே பேரு. ஜப்பான்காரங்ககூட இல்ல, வேற எங்கயோ ஒரு ஊர்ல புருசனும் பொண்டாட்டியும் ஒக்காந்து ஜப்பான் மாதிரி செஞ்சிருக்காங்க. ‘போலி ஜப்பான்’னு நஸ்ரின் சொல்லுவா. ‘போலின்னா என்னடி, ஆசைப்பட்டுச் செஞ்சிருக்காங்க. ஆசை தெரியுதா இல்லையா?’ம்பா ஜெனிட்டா. அந்த வாளி தொங்கறதுதான் அவளுக்கு ரொம்பப் புடிக்கும். மழை விட்டதும் ஓடிப்போயி அதுக்கு அடியில நின்னுக்குவா.

நான் நடுவுல. எனக்கு ரெண்டு பேர்த்தோடயும் சண்ட. தண்ணி கொதிக்க ரொம்ப நேரம் ஆகுதுன்னு நஸ்ரின் மொனகுவா. தண்ணின்னா கொதிக்க நேரம் ஆகத்தாண்டி செய்யும், உனக்காக அடுப்பு அவசரப்படுமான்னு கேப்பேன். ஆனா, சமையக்கட்ட வடக்கோரத்துலயும் கூடத்தத் தெக்கோரத்துலயும் வெச்சிருக்கான் பாரு, அது குத்தம். சோத்தத் தூக்கிட்டு நடக்கறதுக்குள்ள ஆறிப்போகும். ஹாஸ்டல் நடத்துனவ ஒருத்திய யோசன கேட்டிருந்தா இந்தத் தப்பு வந்திருக்குமா? ஜெனிட்டா விழுந்து விழுந்து சிரிப்பா. ‘ஆன்ட்டி, அவங்களுக்கு லெட்டர் போடுங்க’ம்பா.

என்ன கண்ணு, ஒண்ணோட நிறுத்திட்ட? இன்னொண்ணு எடு. நல்லா இருக்குதல்ல? நல்லா இருக்குதுன்னு வாய்ல சொன்னாப் பத்தாது.

அப்பத்தான் பொன்னுச்சாமி வந்தான். அவனுக்கு அந்தப் பேர வெச்சது நாந்தான். நரியும் இல்லாம மரநாயும் இல்லாம ஒரு பிராணி. மொகம் கரேல்னு, வயிறு பானையாட்டம். என்ற கொழுந்தன் பொன்னுச்சாமியே ரெண்டு கையையும் வயித்து மேல வெச்சுட்டு நிக்கற மாதிரி இருந்துச்சு. மத்த ஆளுகெல்லாம் ஒரு ராத்திரி தங்கிட்டுப் போயிரும். இவன் போகல. தெனமும் வந்து பாயில ஒக்காந்துக்குவான். வெளிய மழை பேஞ்சா அவன் மொகத்துல ஒரு சிரிப்பு வரும் பாரு, அதப் பாக்கறக்கே மூணு பேரும் சோலியப் போட்டுட்டு ஒக்காருவோம். ஜெனிட்டாவுக்கு அவன்னா உசுரு. ஆஸ்பத்திரியில இருந்து வந்ததும் செருப்பக்கூடக் கழட்டாம, ‘பொன்னுச்சாமி சாப்டானா ஆன்ட்டி?’ன்னுதான் கேப்பா.

சாப்டானாவா! நான் இருக்கறப்போ அவனப் பட்டினி போடுவனா? ஒரு கிண்ணம் போட்டேன், காலி பண்ணுனான். ‘ரொம்ப நல்லா இருக்குங்க’ன்னு டிவியில எழுத்து வந்துச்சு. நல்லா இருக்குதுன்னு ஒருத்தர் சொன்னா நாம என்ன செய்வோம்? மறுபடியும் போடுவோம். போட்டேன். ‘நல்லா இருக்குங்க’ன்னான். எழுத்து கொஞ்சம் சின்னதா வந்துச்சு. இன்னொரு கிண்ணம். ‘நல்லா இருக்கு.’ கண்ணாடியப் போட்டுட்டு டிவி கிட்டப் போய்ப் படிக்கற அளவுக்குப் பொடி எழுத்து. நஸ்ரின் அதையும் குத்தத்துல சேத்துக்கிட்டா, எழுத்துச் சைசு தாறுமாறா இருக்குதுன்னு. அதுல அவளும் நானும் ஒரே கட்சி.

அதுலயும் பெரிய குறை ஒண்ணு சொல்றேன் கேளு. ஜப்பான்ல ரெண்டு குச்சி வெச்சுத்தான சாப்புடுவாங்க? இந்தப் பொன்னுச்சாமி பாதியில அந்தக் குச்சி ரெண்டையும் கிண்ணத்து மேல குறுக்கால வெச்சுருவான். சோறு போடறக்கு வழி இல்ல. ஒரு பட்டன அமுக்கிக் குச்சிய எடுத்து அக்கட்டால வெச்சுப்போட்டு, அப்பறம் இன்னொரு பட்டன அமுக்கிச் சோறு போடோணும். ஒவ்வொரு தடவையும்! எதுக்கு இந்த எச்சு வேலை? நஸ்ரினே சொன்னா, இது தண்ட வேலைன்னு. ஜெனிட்டா மட்டும் எங்க கட்சியில சேரல. ‘போதும் ஆன்ட்டி, விட்ருங்க’ன்னா ஒரு தடவ. அவ எப்பவுமே அப்படித்தான், எதக் குடுத்தாலும் போதும் போதும்பா. நான் காதுல போட்டுக்கறதில்ல.

தாராபுரம் வந்துருச்சு போல. பத்து நிமிசம் நிப்பான். நீ எறங்க வேண்டாம், இரு, வர்றேன்.

இந்தா டீ. வேண்டாம்னு தலைய ஆட்டுனத சன்னல்ல பாத்தேன், இருந்தாலும் வாங்கிட்டேன். சூடாக் குடி. டீக்குக் கச்சாயம் தொட்டுக்கிட்டா அது ஒரு தனி ருசி.

எங்க விட்டேன்? ஆங். ஒரு நாள் காத்தால பாத்தாப் பொன்னுச்சாமியக் காணம். பாயி சுருட்டி வெச்சிருக்குது. கிண்ணம் கழுவிக் கவுத்து வெச்சிருக்குது. அதுக்கு மேல ஒரு இல. போயிட்டான். இந்தக் கேமுல பழைய எடத்துக்குத் திரும்பிப் போற வழியே கெடையாது, போனது போனதுதான். ராசாவாட்டம் வெச்சிருந்தேன், ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டானே!

நஸ்ரின் போன்ல தேடிப் பாத்துட்டு ஒரே சிரிப்பு. ‘ஆன்ட்டி, அளவுக்கு மிஞ்சினா அமுதமும் நஞ்சுன்னு அந்த ஊர்லயும் தெரிஞ்சிருக்கு. குச்சியக் குறுக்கால வெச்சா, சோறு போதும்னு அர்த்தமாம். அவனால வேண்டாம்னு சொல்ல முடியாது, கூச்ச சுபாவம். நீங்க சோறு போட்டே தொரத்திட்டீங்க’ன்னா.

எனக்குக் கோவம் வந்துருச்சு. இது என்ன ஞாயம் நீயே சொல்லு. போதும்னா நம்மூர்ல என்ன பண்ணுவாங்க? எலைக்கு மேல கைய வெச்சு மறைப்பாங்க. மறைச்சாலும் நாம விட மாட்டோம், வெரல் சந்துல ஒரு கரண்டி ஊத்திட்டுத்தான் நகருவோம். அதுதான மரியாதை? வாயத் தொறந்து சொல்லாம ரெண்டு குச்சியப் படுக்க வெச்சா ஆருக்குத் தெரியும்? இது கேம் செஞ்சவன் தப்புன்னேன். நஸ்ரினும் ஆமான்னா, சொல்லிக் குடுக்காம வெளையாடச் சொல்றது தப்புன்னா.

ஜெனிட்டா அன்னிக்குத்தான் மொதத் தடவையா என்கிட்டக் கொரல ஒசத்துனா. ‘அதுதான் ஆன்ட்டி இந்தக் கேமோட அழகே! அவன் சொல்ல மாட்டான், நாமதான் பாக்கணும். அவன் குச்சிய வெச்சு வெச்சுப் பாத்தான். எழுத்து சின்னதாயிட்டே வந்துச்சு, அது அவனோட கொரலு. நீங்க எடுத்து எடுத்துப் போட்டீங்க’ன்னா. சொல்லும்போதே கண்ணுல தண்ணி. ஒரு பொம்மப் பிராணிக்கு இந்தப் புள்ள இப்படி அழுகுதேன்னு எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. சமாதானமா இருக்கட்டும்னு அன்னிக்கு அரிசிம்பருப்புச் சோறு செஞ்சு, நெய்ய எச்சா ஊத்திப் போட்டேன்.

அதுக்கப்பறம் அவ சரியாவே பேசல கண்ணு. மனசுல பொன்னுச்சாமியவே வெச்சிருந்தா. நான் என்ன கொறை வெச்சேன்? ஞாயித்துக்கெழம அசந்து தூங்குனா, சர்ச்சுக்கு நேரமாகுதுன்னு நாந்தான் தட்டித் தட்டி எழுப்பி விடுவேன். ஆஸ்பத்திரியில இருந்து வரக் கொஞ்சம் சுணங்குனாப் போதும், டாக்டருக்கே போன் அடிச்சுக் கேட்டுருவேன். கட்டிக் குடுக்கற மத்தியானச் சோத்துல பாதிய அங்க நர்ஸுங்க தின்னுபோடறாங்கன்னு தெரிஞ்சு ரெட்டை டப்பாவாக் கட்டிக் குடுத்தேன். அவிய சாமி கும்புடற கூட்டத்துலயே அவளுக்கு மாப்பிள்ளையா நல்ல பையன் ஒருத்தனக்கூட விசாரிச்சு வெச்சேன். பெத்தவகூட இப்படிப் பாத்துக்க மாட்டா.

நடுவுல ஒரு நாள் வெளையாட்டாட்டம் இருந்தா. சாப்புட்டுட்டே இருந்தவ ஸ்பூன எடுத்துத் தட்டு மேல குறுக்கால வெச்சுட்டு என் மொகத்தையே பாத்தா. அப்படியே பொன்னுச்சாமி! எனக்குச் சிரிப்பு தாங்கல. ‘லொள்ளப் பாரு’ன்னு ஸ்பூன எடுத்து அக்கட்டால வெச்சுட்டு இன்னொரு கரண்டி போட்டேன். மறுநாளும் வெச்சா. அதுக்கு மறுநாளும். சரி, புள்ளைக்கு மனசு தேறிருச்சு, கிண்டல் பண்ற அளவுக்கு வந்துட்டான்னு சந்தோசப்பட்டேன்.

அப்பறம் பாத்தா ஒரு நாள் நான் மார்க்கெட்டுக்குப் போன நேரத்துல ரூமக் காலி பண்ணிட்டா. அம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல, ஊர்லயே வேல தேடிக்கறேன்னு நஸ்ரின்கிட்டச் சொல்லிட்டுப் போயிருக்கறா. ரூமு கூட்டித் தொடச்சு அவ்வளவு சுத்தம். மெத்தைய மடிச்சு வெச்சு, என்ற டிபன் டப்பா ரெண்டையும் கழுவிக் கவுத்து வெச்சிருந்தா. எப்பேர்ப்பட்ட புள்ள பாரு!

என்ன கண்ணு, அப்படிப் பாக்கற? டீ ஆறுது பாரு.

அவ போனதுல இருந்து ஹாஸ்டலே வெறிச்சுனு கெடக்குது. நஸ்ரின் இருக்கறா, மத்த புள்ளைங்க இருக்காங்க, இருந்தாலும் செருப்பக் கழட்டாம ஓடியாந்து கேக்கறக்கு ஆள் இல்ல. சோத்த வடிச்சுப்போட்டு வாசலையே பாத்துட்டு நிக்கறேன். சொல்லப்போனா எனக்கு அழுகையா வருது. போன் பண்ணுனா எடுக்க மாட்டேங்கறா. மெசேஜுக்கு ஒரு பூவு, ஒரு கும்புடு, அம்புட்டுத்தான். எல்லாம் அந்தப் பொன்னுச்சாமி போன வருத்தம்.

அதனால நான் என்ன பண்ணுனேன் தெரியுமா? கேமத் திரும்ப மொதல்ல இருந்து ஆரம்பிச்சேன், ஒத்தையா ஒக்காந்து. கொட வந்துச்சு, தவக்கள வந்துச்சு, வாளி தொங்குச்சு, நேத்துப் பொன்னுச்சாமியும் வந்துட்டான்! இந்தா, போன்ல போட்டோ எடுத்து வெச்சிருக்கறேன் பாரு. தொப்பையப் பாரு. இதக் காட்டுனா ஓடி வந்துருவா. நான் வர்றது அவளுக்குத் தெரியாது, சொன்னா வேண்டாம்பா. ரூமுச் சாவியும் பையில இருக்குது. கையோட கூட்டிட்டுச் சாயந்தரப் பஸ்ஸுக்குத் திரும்பறதுதான்.

இந்தத் தடவ நான் சூதானம். பொன்னுச்சாமிக்கு அளவாத்தான் போடறேன். நேத்து ரெண்டே ரெண்டு தடவதான் மறுசோறு. குச்சியா? வெச்சான். மொதக் கிண்ணத்துலயே வெச்சான். புது எடம், கூச்சப்படறான்னு எடுத்துட்டுப் போட்டேன்.

சரி, பேச்சுல உன்ன மறந்துட்டேன் பாரு. சம்படத்துல அப்படியே இருக்குது. இன்னும் ஒண்ணே ஒண்ணு. என்ன சொன்ன? பஸ்ஸு எரைச்சல்ல ஒண்ணும் கேக்கல, கொரலே வர மாட்டேங்குது உனக்கு. நல்லா இருக்குதா? நல்லா இருந்தா எடு, மூடியத் தெறக்கறேன்...

ஏன் அம்மிணி, மூடி மேல பேனாவ எதுக்குக் குறுக்கால வெச்ச?

...

இல்ல, இல்ல. நான் ஒண்ணும் நெனைக்கல. நீ சிரிக்காத, நான் அழுகல. காத்து மூஞ்சில அடிக்குது.

அவளும் வெச்சாளே கண்ணு. மூணு நாளு வெச்சாளே. என் மொகத்தப் பாத்துட்டே வெச்சா. நான் சிரிச்சுட்டே எடுத்துப்போட்டேன். இத்தன புள்ளைங்கள வெச்சு ஹாஸ்டல் நடத்தறேன், ஒரு ஸ்பூனு என்ன சொல்லுதுன்னு எனக்குத் தெரியலையே. சமையக்கட்டு எங்க இருக்கோணும்னு அந்தப் புருசன் பொண்டாட்டிக்குப் பாடம் எடுத்தேன் பாரு, என்னயத்தான் சொல்லோணும்.

எங்க வந்திருக்கறோம்? ஒட்டன்சத்திரமா? அப்ப இன்னும் நேரம் இருக்குது. இரு, அவளுக்கு ஒரு மெசேஜ் போடறேன். ‘திண்டுக்கல் பஸ்ஸுல இருக்கறேன், வூட்டுக்கு வரட்டுமா’ன்னு கேக்கறேன். கேக்கறதுதான சரி? வேண்டாம்னாப் பஸ் ஸ்டாண்டுலயே திரும்பிர்றேன். இப்படி நான் ஆருகிட்டயும் கேட்டதே இல்ல. இந்தா கண்ணு, நீயே அடிச்சு அனுப்பு.

...

பதில் வந்துருச்சு! கண்ணாடி பைக்குள்ள இருக்குது, நீயே படி. சத்தமாப் படி.

‘வாங்க ஆன்ட்டி. அம்மாவும் பாக்கணும்னு சொன்னாங்க. ஆனா நான் ஹாஸ்டலுக்குத் திரும்ப வரலை.’

ஏன் வரலையாம்? என்ன கொறையாம்? கேளு, ‘மாடியில காத்தோட்டமான ரூமா மாத்தித் தர்றேன், சாப்பாடுகூட’ன்னு போட்டு...

வேண்டாம். அழிச்சுரு. ‘சரி கண்ணு’ன்னு மட்டும் போடு. அம்புட்டுப் போதும். அனுப்பிட்டயா?

அட, எதுக்கு இப்பப் பேனாவ எடுக்கற? எடுக்காத அம்மிணி. நான் எறங்கற வரைக்கும் அது அங்கயே இருக்கட்டும்.